பழைய கூடு, புது சேசிஸ்: மோட்டாரை மட்டும் மாற்ற வேண்டாம்

உங்கள் பழைய ஹெச்ஓ அளவு (1:87) மாடல் ரயில் டீசல் எஞ்சினில், அதே எஞ்சினின் புதுப் பதிப்பின் மோட்டாரை மட்டும் மாட்டினால் டிசிசி டீகோடர் (தண்டவாளம் வழியாக வரும் டிஜிட்டல் கட்டளைப்படி மோட்டாரை ஓட்டும் சின்னச் சர்க்யூட்) போட முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். முடியும், ஆனால் அந்தத் தலைவலி வேண்டாம். கியர் பல்லின் அளவு கொஞ்சம் மாறினாலும் காபி கொட்டை அரைக்கிற சத்தம்தான் வரும். இன்னொன்று, பழைய வண்டிகள் பலவற்றில் மோட்டாரின் ஒரு பிரஷ் (மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் தரும் தொடுமுனை) நேராக உலோகச் சட்டத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும், தண்டவாள மின்சாரமும் அதே சட்டம் வழியாகத்தான் வரும். அந்தப் பிரஷைச் சட்டத்தோடு தொடர்பில்லாமல் பிரிக்காமல் டீகோடர் போட்டால், டீகோடர் போச்சு. நான் ஒரு சின்னச் செம்புத் தகட்டைக் கவனிக்காமல் விட்டு, கருகின வாசனை வந்த பிறகுதான் கண்டுபிடித்தேன்.

அதனால் புது சேசிஸை (மோட்டாரும் சக்கரங்களும் உள்ள அடிச்சட்டம்) முழுதாக எடுத்து, அதன்மேல் பழைய கூட்டை (எஞ்சினின் வெளி உடல்) உட்கார வையுங்கள். முதலில் இரண்டு போகிகளின் (முன்னும் பின்னும் உள்ள சக்கரத் தொகுதிகள்) மையங்களுக்கு நடுவே உள்ள தூரத்தைப் பழைய சேசிஸ், புது சேசிஸ் இரண்டிலும் அளந்து பாருங்கள், அது ஒத்துப்போகவில்லை என்றால் மேலே போகாதீர்கள். ஒத்துப்போனால் சரி, பெரும்பாலும் கூட்டின் உள்பக்கக் கொக்கிகள்தான் இடிக்கும். அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக அரத்தால் தேயுங்கள். சேசிஸ் உலோகத்தையே ராவ வேண்டி வந்தால் மோட்டாரைக் கழற்றிவிட்டு ராவுங்கள், உலோகத்தூள் மோட்டாருக்குள் போனால் எடுப்பது பெரும்பாடு.

அப்புறம், கூடு மாட்டாமல் முன்னும் பின்னும் அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். பழைய சேசிஸைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், கைப்பிடிக் கம்பி, பெட்டியை இணைக்கும் கப்ளர் எல்லாம் அதிலிருந்து கிடைக்கும்.