முதல் இரண்டு ஆண்டுகள்

அன்புள்ள ஐயா,

கணினி அறிவியல் இறுதியாண்டு படிக்கிறேன். சென்ற ஆண்டு படித்து முடித்த சீனியர்கள் பலர் இன்னும் வேலை தேடிக்கொண்டிருக்கிறார்கள். புதியவர்களுக்கான விளம்பரங்களிலேயே இரண்டாண்டு அனுபவம் கேட்கிறார்கள். நிரல் எழுதும் வேலையைச் செயற்கை நுண்ணறிவு எடுத்துக்கொள்ளும் என்றும் சொல்கிறார்கள். மீதமுள்ள மாதங்களில் எந்தத் தொழில்நுட்பத்தைப் படித்தால் நிச்சயம் வேலை கிடைக்கும்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் சீனியர்கள் காத்திருப்பது அவர்களுடைய தகுதிக் குறைவால் அல்ல என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பெருந்தொற்றுக் காலத்தில் வட்டி மிகக் குறைவாக இருந்ததால், நிறுவனங்கள் தேவைக்கு மீறி ஆளெடுத்தன. 2022 மார்ச்சில் அமெரிக்க மைய வங்கி வட்டியை உயர்த்தத் தொடங்கியதும் நிலைமை மாறியது. அந்த நவம்பரில் ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா 11,000 பேரையும், 2023 ஜனவரியில் கூகுளின் தாய் நிறுவனமான ஆல்பபெட் 12,000 பேரையும், மைக்ரோசாஃப்ட் 10,000 பேரையும் குறைப்பதாக அறிவித்தன. சாட்ஜிபிடி பொதுமக்களுக்கு வந்ததே 2022 நவம்பர் 30 அன்றுதான். ஆகவே அந்த முதல் அலைக்குச் செயற்கை நுண்ணறிவைக் காரணம் சொல்ல முடியாது. வெளியே வந்த அனுபவசாலிகளும் அதே இடங்களுக்கு விண்ணப்பிக்கும்போது, அனுபவம் கேட்பது நிறுவனங்களுக்கு எளிதாகிவிடுகிறது.

செயற்கை நுண்ணறிவு உண்மையில் கைவைத்திருப்பது ஏணியின் முதல் படியில். சிறு பிழைகளைத் திருத்துவது, சோதனை நிரல்கள் எழுதுவது, படிவப் பக்கங்கள் அமைப்பது போன்ற வேலைகளைச் செய்துதான் புதியவர்கள் ஒரு பெரிய மென்பொருளின் உள்ளே வழி கண்டுபிடித்தார்கள். அவற்றை இன்று கருவிகள் சில நிமிடங்களில் முடிக்கின்றன என்பதற்காகப் புதியவர்களையே எடுக்காமல் விடும் நிறுவனங்கள், பத்தாண்டு கழித்து மூத்த பொறியாளர்களுக்கு எங்கே போகும் என்ற கவலை எனக்கு உண்டு. அதை அவர்கள் உணரும்வரை, அந்த இரண்டாண்டுப் பயிற்சியை நீங்களே உங்களுக்குக் கொடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அண்மையில் ஒரு நேர்காணலில், உங்கள் வயதுடைய ஒருவர் தான் செய்த முன்பதிவுச் செயலியைக் காட்டினார். நிரலில் பெரும்பகுதியைக் கருவியே எழுதியிருந்தது. அதை அவர் மறைக்கவில்லை. இருக்கை மீதம் இருக்கிறதா என்று ஒரு வரி பார்க்கிறது, அடுத்த வரி எண்ணிக்கையில் ஒன்றைக் குறைக்கிறது. கடைசி இருக்கைக்கு இருவர் ஒரே நொடியில் பட்டனை அழுத்தினால் என்ன ஆகும் என்று கேட்டேன். அந்த இரண்டு வரிகளுக்கு நடுவே இன்னொருவர் நுழைய முடியும் என்று அவர் அதுவரை யோசித்ததே இல்லை. ஆனால் ஒரு தாளை வாங்கி, பத்து நிமிடம் கிறுக்கிப் பார்த்து, பார்ப்பதையும் குறைப்பதையும் தரவுத்தளத்துக்கு ஒரே கட்டளையாக மாற்றிக் காட்டினார். அவரை வேலைக்கு எடுத்துக்கொண்டோம்.

எந்தத் தொழில்நுட்பம் என்று கேட்டிருக்கிறீர்கள். விளம்பரங்களில் வரும் பெயர்கள் மாறிக்கொண்டே இருக்கும். 1970-இல் எட்கர் காட் என்ற கணினி அறிவியலாளர் முன்வைத்த, தரவுகளை அட்டவணைகளாக வைக்கும் தொடர்புசார் தரவுத்தளக் கருத்து இன்றும் மாறவில்லை; மேலே சொன்ன இருக்கைக் கணக்கும் அதன் மேல்தான் நிற்கிறது. தரவுத்தளம், இயக்க முறைமை, வலைப்பின்னல் ஆகிய மூன்றையும் தேர்வுக்காக அல்லாமல் மறுபடி ஒருமுறை படியுங்கள். கருவியைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள், ஆனால் அது எழுதிய வரிகளில் உங்களால் விளக்க முடியாத எதையும் விட்டுவைக்காதீர்கள்.

சிறியதாக ஒரு செயலியைச் செய்து, நாலைந்து பேராவது அன்றாடம் பயன்படுத்தும்படி சில மாதங்கள் நடத்திப் பாருங்கள். எது பழுதானது, காரணத்தை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்பதை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். மென்பொருள் நிறுவனங்களுக்கு மட்டும் விண்ணப்பிக்காதீர்கள். வங்கி, மருத்துவமனை, தொழிற்சாலை, சரக்குப் போக்குவரத்து ஆகிய எல்லாவற்றிலும் நிரலாளர்கள் வேலை செய்கிறார்கள், அங்கே போட்டியிடுபவர்களும் பெரும்பாலும் குறைவு. விண்ணப்பக் கடிதத்தில் உங்களுக்குத் தெரிந்த மொழிகளை வரிசையாக அடுக்குவதை விட்டுவிட்டு, அந்த நோட்டிலிருந்து ஒரு பழுதின் கதையைப் பத்து வரிகளில் எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்.