பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், போனில் இன்னொன்று: கிரேக்கர்களிடம் ஏன் இப்படி?

கேள்வி: பிரேயஸ் துறைமுகத்திலுள்ள கப்பல் நிறுவனம் ஒன்றுக்கு ஊழியர் ஆவணங்கள் தயாரிக்கிறேன். பாஸ்போர்ட்டில் 'ஜியார்ஜியோஸ்' என்றிருப்பவர் மின்னஞ்சலில் 'யோர்கோஸ்'. போனில் எல்லோருக்கும் 'யோர்கோ'. அவர் குடும்பப் பெயர் பபதோபுலோஸ், மகளுக்கோ பபதோபுலு. எதைத் திருத்துவது?

பதில்: எதையும் திருத்தாதீர்கள், ஐந்தும் சரி.

ஞானஸ்நானப் பெயரின் முழு வடிவம்தான் பெரும்பாலும் ஆவணத்தில் ஏறும். புழக்கத்தில் அது சுருங்கிவிடும். கோன்ஸ்தாந்தினோஸ் கோஸ்தாஸ் ஆவார், எவாங்கெலோஸ் வங்கேலிஸ் ஆவார், அதனாசியோஸ் தனாசிஸ் ஆவார். ஒப்பந்தம், விசா, டிக்கெட் மூன்றிலும் பாஸ்போர்ட் எழுத்துக்கூட்டலை அப்படியே பிரதி எடுங்கள். கடிதத்தில் மட்டும் அவர் கையொப்பமிடும் வடிவம் போதும்.

'யோர்கோ' என்பது விளிவேற்றுமை. முருகன் முருகா ஆவது போலத்தான். ஆண் பெயரின் கடைசி 'ஸ்' கூப்பிடும்போது உதிரும்: நிகோஸ், நிகோ, யான்னிஸ், யான்னி. நீளமான 'ஓஸ்' பெயர்கள் பெரும்பாலும் 'எ'யில் முடியும்: அலெக்சாந்த்ரோஸ், அலெக்சாந்த்ரெ. மரியாதையாக அழைக்க 'கீரியெ பபதோபுலெ' என்பார்கள். பெண் பெயர்களுக்கு இந்த வேலையே இல்லை.

மகளின் 'பபதோபுலு' பபதோபுலோஸின் ஆறாம் வேற்றுமை வடிவம். அப்பா பபதாகிஸ் என்றால் மகள் பபதாகி. 'தட்டச்சுப் பிழை' என்று யாராவது இதை ஒன்றாக்கினால் பாஸ்போர்ட்டோடு பொருந்தாமல் போகும். மனைவியின் குடும்பப் பெயர் வேறாக இருந்தாலும் விளக்கம் கேட்காதீர்கள்: 1983 குடும்பச் சட்டத்துக்குப் பிறகு பொதுவாகப் பிறந்த வீட்டுப் பெயரே தொடர்கிறது.

உண்மையான குழப்பம் வேறிடத்தில் வரும். பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பது அங்கே வழக்கம். அதனால் பெரியப்பா மகனுக்கும் சித்தப்பா மகனுக்கும் முழுப்பெயரே ஒன்றாக இருக்கலாம். கிரேக்க அரசுப் படிவங்களில் தந்தை பெயர், தாய் பெயர் என இரு கட்டங்கள் இருப்பது இதற்கு உதவும். உங்கள் பட்டியலிலும் அவற்றோடு பிறந்த தேதியையும் சேருங்கள்.

அர்த்தத்தை வைத்து ஆளை ஊகிப்பது வீண். ஜியார்ஜியோஸ் என்றால் உழவர். திமித்ரியோஸ் தானியத் தெய்வமான தெமெத்தரிலிருந்து வந்தது. ஆனால் பெற்றோர் வைத்தது பெரும்பாலும் தாத்தாவையோ புனிதரையோ நினைத்து. யான்னிஸும் மரியாவும் எபிரேய மூலம், கோஸ்தாஸ் லத்தீன்.

வாழ்த்துச் சொல்ல பெயர்நாள், அதாவது அந்தப் பெயருள்ள புனிதரின் திருநாள், நல்ல சந்தர்ப்பம்: யோர்கோஸுக்கு ஏப்ரல் 23, கோஸ்தாஸுக்கும் எலேனிக்கும் மே 21, நிகோஸுக்கு டிசம்பர் 6. ஏப்ரல் 23 தவக்காலத்துக்குள் விழுந்தால் அது ஈஸ்டர் திங்களுக்குத் தள்ளிப்போகும். 2024இல் மே 6 அன்று வந்தது. 'ஹ்ரோன்யா போலா' (பல்லாண்டு வாழ்க) என்று ஒரு வரி அனுப்பினால் போதும்.