போலீஸ் ரிப்போர்ட் குறைந்தால் குண்டர் தொல்லையும் குறைந்ததாகுமா?

கேட்டது மலேசியத் தோட்டப்புற டவுனைப் பற்றி. ஆகாது. ஒரே கும்பலின் கை ஓங்கிவிட்டால் வெட்டுக்குத்து அடங்கிவிடும். கடைகளில் ‘பாதுகாப்புப் பணம்’ வசூல் மட்டும் சத்தமில்லாமல் நடக்கும். அதற்கு யாரும் பாலாய்க்கு, அதாவது போலீஸ் நிலையத்துக்கு, போய் ரிப்போர்ட் கொடுப்பதில்லை.

ஆகவே இரண்டாவது கணக்கு ஒன்று வேண்டும். வேல்ஸின் கார்டிஃபில் செய்தது இதுதான்: அடிபட்டு அவசரப் பிரிவுக்கு வருபவரிடம் எந்த இடம், எத்தனை மணி, என்ன ஆயுதம் என்று கேட்டுக் குறித்தார்கள், பெயரை நீக்கிவிட்டுப் போலீசிடம் கொடுத்தார்கள். போலீசுக்கே தெரியாத அடிதடி நிறைய வெளிவந்தது.

இங்கே காரியம் கெடுவது இடப்பெயரில்தான். ஒரே ஊரை இளைஞர் பெஸ்தாரி ஜெயா என்பார், பெரியவர் பழைய பெயரில் பத்தாங் பெர்ஜுந்தை என்பார், இன்னொருவர் எப்போதோ இடித்த லயம் (தொழிலாளர் வரிசை வீடு) இருந்த தோட்டப் பிரிவின் பெயரைச் சொல்வார். கணினியில் ஒரே சந்து மூன்று இடமாகிவிடும். சாலைப் பெயரோடு பக்கத்துக் கடை, கோயில், பள்ளி எதையாவது சேர்த்தே எழுத வேண்டும்.

சின்ன ஊரில் மாதக் கணக்கை நம்பாதீர்கள். இரண்டு நாலானாலே ‘இரட்டிப்பு’ என்று அலறுவார்கள். 12 மாதத்தைச் சேர்த்துப் பாருங்கள். உள்துறை அமைச்சு 2013இல் வெளியிட்ட 49 கும்பல்களின் பட்டியலை வைத்துப் பையன்களுக்கு முத்திரை குத்துவதும் வேண்டாம். சட்டையில் ‘04’ என்று கும்பல் எண்ணைப் போட்டவனெல்லாம் உறுப்பினர் அல்ல.