பக்கத்து மனையில் பதினான்கு மாடி: மனு எழுதும் முன் அளவு நாடாவை எடுங்கள்

கேள்வி: தென்சென்னையின் பழைய குடியிருப்பு ஒன்றில் முப்பது ஆண்டுகளாகச் சொந்த வீட்டில் வசிக்கிறோம். எங்கள் தெருவில் உள்ளவை எல்லாம் தரைத்தளமும் ஒரு மாடியும் கொண்ட தனி வீடுகள். தெருமுனையில் 60 அடிச் சாலையை ஒட்டியிருந்த மூன்று வீடுகளை ஒரு கட்டுமான நிறுவனம் வாங்கி இடித்துவிட்டது. ஏறத்தாழ ஒன்பது கிரவுண்டு இடம், 120 அடிக்கு 180 அடி. வாகன நிறுத்தத் தளத்துக்கு மேல் பதினான்கு மாடி வரப்போவதாகச் சொல்கிறார்கள். அடித்தளத் தூண்களை ஆழத்தில் இறக்கும் பைலிங் இயந்திரமும் வந்து நிற்கிறது. தெருவார் அனைவரும் கையெழுத்திட்டு அனுப்பிய மனுவுக்கு இதுவரை பதில் இல்லை. வெளிச்சமும் காற்றும் தண்ணீரும் பாதிக்கப்படும் என்று அஞ்சுகிறோம். இதைத் தடுத்து நிறுத்த வழி உண்டா?

பதில்: நீங்கள் இணைத்திருந்த மனுவின் நகலை முழுவதும் படித்தேன். அமைதியான பகுதி, பாரம்பரியமான தெரு, வெளியாட்களின் நடமாட்டம் என்று இரண்டு பக்கங்களுக்கு எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அதில் மீட்டர் கணக்கிலோ அடிக் கணக்கிலோ ஓர் அளவுகூட இல்லை. இத்தகைய மனுவை அதிகாரி கோப்பில் சேர்ப்பதைத் தவிர வேறொன்றும் செய்ய முடியாது. கட்டடம் பிடிக்கவில்லை என்பது சட்டப்படி ஓர் ஆட்சேபணை ஆகாது; கட்டடம் விதியை மீறுகிறது என்பதே ஆட்சேபணை.

முதலில் கசப்பான செய்தியைச் சொல்லிவிடுகிறேன். குடியிருப்பு மண்டலத்தில் அடுக்குமாடி கட்டுவது நில உபயோக மாற்றம் அல்ல. ஆகவே திட்ட அனுமதி தருவதற்கு முன் அக்கம்பக்கத்தாரைக் கேட்க வேண்டும் என்ற கட்டாயம் தமிழ்நாடு நகர் மற்றும் ஊரமைப்புச் சட்டம், 1971-ன் கீழ் இல்லை. சுற்றுச்சூழல் அனுமதி வழியாக மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வைக்கலாம் என்று உங்களுக்கு யாரோ சொல்லியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த அனுமதி 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டுமானப் பரப்புள்ள திட்டங்களுக்கே தேவை. அவற்றிலும் கட்டடத் திட்டங்களுக்குக் கருத்துக் கேட்பிலிருந்து 2006-ஆம் ஆண்டு அறிவிக்கையே விலக்கு அளித்திருக்கிறது. ஒன்பது கிரவுண்டில் எழும் கட்டடம் அந்த வரம்பை எட்டாது. அந்த வழியில் காலத்தைச் செலவழிக்க வேண்டாம்.

அப்படியானால் கையில் மிஞ்சுவது என்ன? 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள்தான். அவற்றின்படி 18.30 மீட்டருக்கு, அதாவது 60 அடிக்கு மேல் உயரும் கட்டடம் உயர்மாடிக் கட்டடம், அதற்கு எஃப்.எஸ்.ஐ. எனப்படும் தளப்பரப்புக் குறியீடு, அதாவது மனைப் பரப்பைப் போல் எத்தனை மடங்கு மொத்தத் தளப்பரப்பு கட்டலாம் என்ற அளவு, 3.25 வரை கிடைக்கும். இந்த முழு அளவைப் பெறச் சாலை குறைந்தது 18 மீட்டர் அகலம் இருக்க வேண்டும். அகலம் குறையக் குறைய அனுமதிக்கப்படும் உயரமும் பரப்பும் குறைந்துகொண்டே போகும். இவ்விதிகள் அடிக்கடி திருத்தப்படுபவை என்பதால், விண்ணப்பம் கொடுத்த நாளில் எந்த அட்டவணை நடைமுறையில் இருந்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

உங்கள் 60 அடிச் சாலை உண்மையிலேயே 60 அடியா? பெயரில் 60 அடி என்றிருக்கும் சாலைகள் பல, ஆக்கிரமிப்புகளால் நடுவில் 50 அடிக்கும் கீழே சுருங்கிவிடுகின்றன. மனையின் வாசலில் மட்டும் அகலம் இருந்தால் போதாது. சாலையின் நீளத்தில் குறைந்தது 500 மீட்டர் தொலைவுக்கு அது கிடைக்க வேண்டும் என்பதே எதிர்பார்ப்பு. இடையில் சிறிது தூரம் குறுகலாக இருந்தால் ஏற்றுக்கொள்ளும் அதிகாரம் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.வுக்கு உண்டு என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் இருவர் நாடாவைப் பிடிக்க, ஒருவர் எழுதிக்கொள்ள, ஐம்பது மீட்டருக்கு ஒரு முறை அளந்து பட்டியலிடுங்கள். இரண்டு பக்க மனுவைவிட அந்த ஒரு தாளுக்கு எடை அதிகம்.

அடுத்தது செட்பேக், அதாவது மனை எல்லைக்கும் கட்டடத்துக்கும் நடுவே விட வேண்டிய காலியிடம். உங்கள் விஷயத்தின் உயிர்நாடி இதில்தான் இருக்கிறது. உயர்மாடிக் கட்டடத்துக்கு, உயரம் 30 மீட்டர் வரை இருந்தால் நாற்புறமும் 7 மீட்டர் இடம் விட வேண்டும். அதற்கு மேல் ஒவ்வொரு 6 மீட்டருக்கும், அதன் பகுதிக்கும், ஒரு மீட்டர் கூடும். வாகனத் தளமும் பதினான்கு மாடியும் சேர்ந்து சுமார் 45 மீட்டர் வரும் என்று வைத்துக்கொள்வோம். முப்பதுக்கு மேற்பட்ட 15 மீட்டரை ஆறால் வகுத்தால் இரண்டரை. பகுதியும் முழுதாகக் கணக்கிடப்படுவதால் மூன்று. ஆக, 10 மீட்டர், ஏறக்குறைய 33 அடி, ஒவ்வொரு பக்கமும் காலியாக விடப்பட வேண்டும். 120 அடி அகலத்தில் இரு பக்கமும் 33 அடி போனால் கட்டடத்துக்கு மிஞ்சுவது 54 அடி. 180 அடி நீளத்தில் மிஞ்சுவது 114 அடி. ஒரு தளத்துக்கு ஏறக்குறைய 6,150 சதுர அடிக்கு மேல் கட்ட இயலாது. 3.25 குறியீட்டின்படி மொத்தம் 70,200 சதுர அடி என்றால் பதினொன்றரைத் தளத்தில் கணக்கு முடிந்துவிடுகிறது. பிறகு பதினான்கு மாடி எப்படி என்று கேட்பீர்கள். 18 மீட்டரும் அதற்கு மேலும் அகலமுள்ள சாலையில் கட்டணம் செலுத்தி 50 சதவீதம் வரை பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. வாங்கலாம், கணக்கில் சேராத சில பரப்புகளும் உண்டு. எனவே பதினான்கு மாடி என்பதே விதிமீறல் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். ஆனால் அந்த 54 அடி அகலம் எந்தக் கட்டணத்தாலும் விரியாது.

இதை நீங்களே சரிபார்க்கலாம். பைலிங் தொடங்கும் முன் மண்ணில் சுண்ணாம்புக் கோடும் முளைக்குச்சிகளும் இட்டு இடம் குறிப்பார்கள். உங்கள் மொட்டை மாடியில் நின்று பார்த்தால் அந்த வரிசை தெளிவாகத் தெரியும். மதில் சுவரிலிருந்து வெளிவரிசைக் குச்சிக்கு எத்தனை அடி என்று கணித்து, தேதியோடு புகைப்படம் எடுங்கள். மதிலை ஒட்டிய வரிசை பேஸ்மென்ட்டின் தடுப்புச் சுவராகவும் இருக்கலாம். தரைக்குக் கீழே உள்ளதற்கு வேறு அளவு என்பதால், வரைபடத்தோடு ஒப்பிட்ட பிறகே புகார் எழுதுங்கள்.

வரைபடத்துக்கு எங்கே போவது? முதலில் மனையின் வாசலுக்கே போங்கள். அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தைக் கட்டுமானக் காலம் முழுவதும் பணியிடத்தில் வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் உத்தரவிட்டிருக்கிறது. வைக்கவில்லை என்றால் உங்கள் முதல் புகார் அதுவே. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனை, அல்லது எட்டுக்கு மேற்பட்ட வீடுகள் என்றால் விற்பனைக்கு முன் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்தாக வேண்டும். அதன் இணையதளத்திலும் திட்டத்தின் ஆவணங்களைத் தேடிப் பாருங்கள். மூன்றாவதாக, பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு. நகல் கேட்பதோடு கோப்பை நேரில் பார்வையிடவும் அனுமதி கேளுங்கள். மூன்றாம் நபரின் ஆவணம் என்று நகலைத் தர மறுக்கும் இடங்களில்கூடப் பார்வையிட விடுவதுண்டு. தீயணைப்புத் துறையும் போக்குவரத்துக் காவல் துறையும் தந்த தடையின்மைச் சான்றுகளைக் குறிப்பாகக் கேளுங்கள். வாகன நுழைவாயில் 60 அடிச் சாலையில் காட்டப்பட்டு, நடைமுறையில் உங்கள் தெருவில் திறக்கப்படுமானால் தெருவுக்கு உண்மையான பாதிப்பு அதுதான். மாடிகளின் எண்ணிக்கை அல்ல.

அளவுகளால் என்ன ஆகிவிடும் என்று தோன்றலாம். நொய்டாவில் 2022 ஆகஸ்ட் 28 அன்று வெடிவைத்துத் தகர்க்கப்பட்ட இரட்டைக் கோபுரங்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய நூறு மீட்டர் உயரக் கட்டடங்களை வீழ்த்திய காரணங்களில் முதன்மையானது, அடுத்த கட்டடத்துக்கும் அதற்கும் 16 மீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் 9 மீட்டரே இருந்தது என்பது. வழக்குத் தொடுத்தவர்கள் அதே வளாகத்தில் வீடு வாங்கிய குடியிருப்போர். அவர்களுடைய உரிமை உங்களுடையதைவிட வலுவானது என்பது உண்மை. உயர் நீதிமன்றம் 2014-லும் உச்ச நீதிமன்றம் 2021-லும் இடிக்கச் சொன்ன பிறகே அது நடந்தது என்பதையும் மறக்க வேண்டாம்.

அக்கம்பக்கத்தாருக்கு வழக்காடும் தகுதி உண்டா என்ற ஐயத்தை உடுப்பி வழக்கில் 1974-லேயே உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. குடியிருப்புப் பகுதியில் நகரமைப்புத் திட்டத்துக்கு மாறாகத் திரையரங்கு கட்ட அனுமதித்ததை அண்டை வீட்டுக்காரர் எதிர்த்தார். அவருக்கு அந்த உரிமை உண்டு என்றும், ஏற்கெனவே பணம் செலவழித்துவிட்டார்கள் என்பதால் சட்டமீறல் சரியாகிவிடாது என்றும் தீர்ப்பு வந்தது. ஆயினும் நடைமுறையில் காலம் கட்டுபவர் பக்கமே இருக்கிறது. விதிமீறிய கட்டுமானத்தை அகற்றவோ நிறுத்தவோ சொல்லி நகரமைப்புச் சட்டத்தின் 56, 57-ஆம் பிரிவுகளில் அறிவிப்பு வந்தால், கட்டுபவர் 80-ஏ பிரிவில் அரசிடம் மேல்முறையீடு செய்து காலத்தை இழுக்க முடியும். அதற்குள் இரண்டு தளம் ஏறிவிடும். விதிமீறிய கட்டடங்களைக் கட்டணம் வாங்கிக்கொண்டு ஏற்க 1999-ல் வந்த வரன்முறைத் திட்டம் பிறகு எத்தனை முறை நீட்டிக்கப்பட்டது என்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த அவசரம் புரியும். அஸ்திவார நிலையில் கொடுக்கும் புகாரும் ஆறாவது மாடியில் கொடுக்கும் புகாரும் ஒன்றல்ல.

மனுவில் கையெழுத்திட்டவர்களுக்கு ஒரு சங்கடமான கேள்வி. உங்கள் வீடுகளின் செட்பேக்கில் தகரக் கொட்டகை, மதிலோடு சேர்த்துக் கட்டிய கழிவறை, மாடியில் வரைபடத்தில் இல்லாத ஓர் அறை இவற்றில் எதுவும் இல்லையா? எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் புகைப்படம் எடுப்பது இவற்றைத்தான். சொந்த வீட்டு ஆவணங்கள் சுத்தமாக உள்ள இரண்டு மூன்று பேர் முன்னின்றால் போதும். கூடவே, வாடகைக்கு வருபவர்கள், வெளியூர்க்காரர்கள் என்ற சொற்களை மனுவிலிருந்து அடியோடு நீக்கிவிடுங்கள். அவை வழக்குக்கு உதவாது என்பது மட்டுமல்ல, எழுதத் தகாதவையும்கூட. பேருந்தும் ரயிலும் எட்டும் இடங்களில் நெருக்கமாகக் கட்டுவதே நகரம் ஏரிகளை நோக்கிப் பரவாமல் இருக்க வழி என்று கருதுபவன் நான். உயரம் மட்டுமே குற்றம் என்று என்னால் சொல்ல இயலாது.

வெளிச்சமும் காற்றும் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவின்படி, ஒரு கட்டடம் இருபது ஆண்டுகள் தடையின்றிப் பெற்றுவந்த வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் உரிமை கோரலாம். உங்கள் முப்பது ஆண்டு இங்கே பயன்படும். ஆனால் அது குறிப்பிட்ட சன்னலுக்குரிய உரிமையே தவிர, தெருவுக்குப் பொதுவானது அல்ல. வெளிச்சம் குறைந்ததால் வசிப்பவரின் வசதி கணிசமாகக் கெட்டது என்று நிறுவவும் வேண்டும். 33 அடி இடைவெளி முறையாக விடப்பட்டிருந்தால் இவ்வழக்கு நிற்பது கடினம். மனையை ஒட்டிய வீட்டுக்காரர் மட்டும் உரிமையியல் வழக்கறிஞரைக் கலந்து பேசட்டும்.

தண்ணீர் விஷயம் வேறு. பேஸ்மென்ட் தோண்டும்போது ஊற்று நீரை இரவும் பகலும் இறைத்துக் கால்வாயில் விடுவார்கள். சுற்றியுள்ள கிணறுகள் இறங்குவது அப்போதுதான். திறந்த கிணறு உள்ள வீட்டில் கயிற்றில் கல் கட்டி இறக்கி, நீர்மட்டம் வரை முடிச்சுப் போட்டு, வாரந்தோறும் ஒரே கிழமையில் அளந்து எழுதிவாருங்கள். தோண்டுவதற்கு முந்தைய நான்கு வார அளவு இல்லாமல் பிந்தைய அளவுக்கு மதிப்பில்லை. இரவு பத்து முதல் காலை ஆறு வரை குடியிருப்புப் பகுதியில் ஒலியெழுப்பும் கட்டுமான இயந்திரங்களை இயக்கக் கூடாது என்பது ஒலி மாசு விதி. ஆனால் பகலில் கனரக வாகனங்களுக்குக் கட்டுப்பாடு உள்ளதால் ரெடிமிக்ஸ் லாரிகள் இரவில்தான் வரும். இதற்கெல்லாம் வழக்கைவிடக் கட்டுமான நிறுவனத்தோடு எழுத்தில் செய்துகொள்ளும் உடன்பாடே பயனளிக்கிறது. கான்கிரீட் ஊற்றும் நாள்களை முன்கூட்டித் தெரிவித்தல், வாசல் பிரதான சாலையில் மட்டும், விரிசலுக்கு நிறுவனம் பொறுப்பு என்ற மூன்றையும் கேளுங்கள். உங்கள் கையில் அளவுப் பட்டியல் இருக்கிறது என்று தெரிந்தால் அவர்கள் பேச வருவார்கள்.

பைலிங் இயந்திரம் வந்துவிட்டதால் இந்த வாரமே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. மனையை ஒட்டிய வீடுகளின் உள்ளும் புறமும் ஏற்கெனவே உள்ள விரிசல்களை ஓர் அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் புகைப்படம் எடுங்கள். தனியார் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை அழைத்து அறிக்கை பெற்று, அதன் நகலை நிறுவனத்துக்கும் சி.எம்.டி.ஏ.வுக்கும் பெற்றதற்கான ஒப்புகை கிடைக்கும்படி விரைவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள். பெரிய விரிசல்களின் குறுக்கே பூச்சைச் சுரண்டி, மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை இரு முனையிலும் சிமெண்டால் ஒட்டி, தேதியை அதன் மேலேயே எழுதி வையுங்கள். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். உடைந்த அன்றே படமெடுத்து, அடுத்த கடிதத்தை அனுப்புங்கள்.