நானோ உறைக்குள் கீமோ மருந்து: என்ன லாபம்?
சாட்ஸ்வொர்த்தில் கீமோ எடுக்கும் அத்தைக்காகக் கேட்டிருக்கிறீர்கள்: பாலிமர் நானோ உறையில் (நீண்ட சங்கிலி மூலக்கூறுகளால் ஆன, கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய உருண்டையில்) மருந்து தந்தால் என்ன லாபம், முடி கொட்டாதா?

நம் டர்பன் பன்னி சௌவை நினைத்துக்கொள்ளுங்கள். குழம்பைக் கையில் ஏந்த முடியாது. குடைந்த ரொட்டிக்குள் ஊற்றினால் எங்கும் கொண்டுபோகலாம். பாக்லிடாக்ஸல் என்ற கீமோ மருந்தும் அப்படித்தான், தண்ணீரில் கரையாது. வழக்கமான ஊசியில் ஆமணக்கெண்ணெயிலிருந்து செய்த கரைப்பானைச் சேர்க்கிறார்கள். சிலருக்கு அதுவே ஒவ்வாமை. பாலிமர் உருண்டையின் உட்புறம் எண்ணெய்த்தன்மை கொண்டது, வெளிப்புறம் தண்ணீரோடு சேரும். மருந்து உள்ளே பதுங்கிக்கொள்ளும், அந்தக் கரைப்பான் தேவையில்லை. தென்கொரியாவில் ஜெனெக்ஸால்-பிஎம் என்ற பாக்லிடாக்ஸல் மருந்து இப்படித்தான்.

கட்டியின் ரத்தக்குழாய்கள் ஓட்டையானவை, நானோ துகள் அதன் வழியே கசிந்து இறங்கும் என்பார்கள். சரி, ஆனால் விலங்கு ஆய்வுகளை 2016இல் தொகுத்துப் பார்த்தபோது, செலுத்திய அளவில் கட்டியைப் போய்ச் சேர்ந்தது நடுமதிப்பாக 0.7 சதவீதம்தான். நிறையக் கல்லீரலிலும் மண்ணீரலிலும் மாட்டிக்கொள்கிறது.

முடியா? பாக்லிடாக்ஸல் எந்த உறையில் வந்தாலும் பெரும்பாலும் கொட்டும்.