மேட்டுப்பக்கச் சக்கரம் எழும்பினால் அது கடைசி எச்சரிக்கை

கேள்வி: எங்கள் நிலம் ஒருபக்கமாகச் சரிந்து இறங்குவது. மண் அரித்துப் போகாமல் இருக்கச் சரிவுக்குக் குறுக்கேதான் உழுகிறோம். போன வாரம் ரோட்டாவேட்டர் ஓட்டும்போது டிராக்டரின் மேட்டுப்பக்கப் பின்சக்கரம் ஒரு சாண் எழும்பி இறங்கியது. இனி அந்தத் துண்டில் வண்டியை இறக்க மாட்டேன் என்கிறார் டிரைவர். மேட்டுப்பக்க மட்காடில் ஒரு ஆளைப் பளுவுக்கு உட்கார வைத்தால் சரியாகிவிடும் என்கிறார் பக்கத்து நிலத்துக்காரர். அப்படிச் செய்யலாமா? ரோல்பார் (கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் கம்பி வளைவு) மாட்டினால் போதுமா?

பதில்: முதலில் அந்த மட்காடு யோசனையை விட்டுவிடுங்கள். 2 டன் எடையுள்ள வண்டி சாயத் தொடங்கிவிட்டால் ஒரு ஆள் எடை அதைப் பிடித்து நிறுத்தாது. ஒரு குலுக்கலில் அவர் கைப்பிடி நழுவினால் விழுவது பின்சக்கரத்துக்கு அடியிலோ, சுழலும் ரோட்டாவேட்டர் கத்திகளிலோதான். ஓட்டுபவரைத் தவிர வேறு யாரும் டிராக்டரில் ஏறக் கூடாது.

உங்கள் டிரைவர் சொன்னதுதான் சரி. அவர் ஏன் பயந்தார் என்பது புரிய வேண்டுமானால், வண்டியை நிறுத்திவிட்டு அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து பாருங்கள். முன் அச்சு நடுவில் ஒரே ஒரு இரும்பு முளையில் கோத்திருக்கும். தராசுத் தண்டு மாதிரி இருபுறமும் ஏறி இறங்கும். மேடுபள்ளத்தில் நான்கு சக்கரமும் தரையில் பதிய இந்த அமைப்பு தேவை. ஆனால் இதனால் டிராக்டர் உண்மையில் மூன்று புள்ளிகளில்தான் நிற்கிறது: இரண்டு பின்சக்கரங்களும் முன் அச்சின் அந்த முளையும். வண்டியின் எடை மையம் இந்த முக்கோணத்துக்குள் இருக்கும்வரை வண்டி நிற்கும். சரிவில் அது பள்ளப்பக்கக் கோட்டை நோக்கி நகர்கிறது. கோட்டைத் தாண்டிவிட்டால், முன் அச்சு அதன் தடுப்பில் போய் முட்டுவதற்குள்ளேயே பின்பக்கம் நன்றாகச் சாய்ந்திருக்கும்.

தாண்ட வைப்பது பெரும்பாலும் சின்ன விஷயம். மேட்டுப்பக்கச் சக்கரம் ஒரு கல்லில் ஏறும். அல்லது பள்ளப்பக்கச் சக்கரம் எலி வளையிலோ பழைய சாலிலோ இறங்கும். ஹைட்ராலிக்கில் கருவியைத் தூக்கியபடி திரும்பினால் எடை மையமும் சேர்ந்து உயரும். வேகம் இருமடங்கானால் திருப்பத்தில் வெளியே தள்ளும் விசை நான்கு மடங்காகும். மேட்டை நோக்கித் திரும்பினால் அந்த விசை வண்டியைப் பள்ளத்துக்கே தள்ளும். அதனால்தான் சக்கரம் எழும்பும்போது ஸ்டீயரிங்கைப் பள்ளப்பக்கம் திருப்பி, ஆக்சிலேட்டரை விட்டு, கருவியைத் தரையில் இறக்கச் சொல்கிறோம். கை பழக்கத்தில் மேட்டுப்பக்கம் ஒடித்தால் கவிழும்.

சரிவைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். நேரான 1 மீட்டர் சட்டத்தின் ஒரு முனையை மேட்டில் வைத்து, கொத்தனாரின் ரசமட்டம் சரியாகக் காட்டும்வரை மறுமுனையைத் தூக்குங்கள். அந்த முனைக்குக் கீழே தரை வரை எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்தால் சரிவு தெரிந்துவிடும். 18 செ.மீ. என்றால் ஏறக்குறைய 10 டிகிரி, 27 செ.மீ. என்றால் 15 டிகிரி. சக்கரம் எழும்பிய அதே இடத்தில் அளந்து, உங்கள் வண்டிக் கையேட்டில் உள்ள வரம்போடு ஒப்பிடுங்கள். கையேட்டில் அளவு இல்லையென்றாலும், ஏற்கெனவே சக்கரம் எழும்பிய சரிவு உங்கள் வண்டிக்கு அதிகம்தான்.

குறுக்கே உழுவது மண்ணுக்கு நல்லது என்பதை நான் மறுக்கவில்லை. மிதமான சரிவில் அதையே தொடருங்கள். பின்சக்கரங்களின் இடைவெளியைக் கூட்டி மாட்டுங்கள், பின்டயரில் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்புங்கள். எடை கீழே இறங்கும். ஆனால் செங்குத்தான துண்டில், குறுக்கே ஓட்டினால் வண்டி கவிழும், மேலிருந்து கீழாக உழுதால் முதல் மழையிலேயே மேல்மண் போய்விடும். அந்தத் துண்டை உழவிலிருந்தே எடுத்துவிட்டுப் புல்லோ மரப்பயிரோ வையுங்கள் என்பதுதான் என் கருத்து. விளைச்சலில் கொஞ்சம் குறையும், தெரியும்.

சரிவில் நேர்க்குநேராக ஏறி இறங்கும்போது இன்னொரு ஆபத்து. ஏறும்போது கிளட்சைப் படக்கென்று விட்டாலோ, சுமையை ட்ராபாரில் (பின்னால் தாழ்வாக இருக்கும் இழுவைக் கம்பியில்) மாட்டாமல் அதற்கு மேலே சங்கிலி கட்டி இழுத்தாலோ, முன்சக்கரம் எழும்பி வண்டி பின்னால் மல்லாந்துவிடும். முக்கால் வினாடிக்குள் மீட்க முடியாத நிலை வந்துவிடும். கால் கிளட்சைத் தேடுவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். சேற்றில் சிக்கினால் பின்சக்கரத்தில் கட்டையைக் கட்டி முன்னால் எடுப்பதும் இப்படித்தான் முடிகிறது: சக்கரம் சுழல முடியாதபோது வண்டியே அச்சைச் சுற்றித் தூக்கும். பின்னோக்கி எடுங்கள், அல்லது வேறு வண்டியை வைத்து இழுங்கள். இறங்கும்போது குறைந்த கியர். நியூட்ரலில் விடவே கூடாது. இரண்டு பிரேக் மிதிகளும் தாழ்ப்பாளால் இணைந்திருக்கட்டும்.

ரோல்பார் கட்டாயம் மாட்டுங்கள். ஸ்வீடன் 1959-லேயே புதிய டிராக்டர்களுக்கு இதைக் கட்டாயமாக்கியது. அது வண்டி கவிழ்வதைத் தடுக்காது. கவிழ்ந்தாலும் டிரைவர் நசுங்காமல் ஓர் இடத்தைக் காத்துக்கொடுக்கும். அந்த இடத்திலேயே அவரை இருத்துவது சீட் பெல்ட். பெல்ட் இல்லாவிட்டால் வெளியே வீசப்பட்டு, காப்பாற்ற வேண்டிய அதே கம்பிக்கு அடியில் சிக்கிவிடலாம். ரோல்பார் இல்லாத வண்டியிலோ, அதை மடக்கி வைத்திருக்கும்போதோ பெல்ட் போடக் கூடாது. உங்கள் மாடலுக்கென்றே சோதித்துத் தயாரித்ததை வாங்குங்கள். பட்டறையில் தண்ணீர்க் குழாயை வளைத்து வெல்டிங் செய்தது முதல் அடியிலேயே மடங்கும். வெயிலுக்குப் போடும் கூரை ரோல்பார் ஆகாது. ரோல்பாரும் பெல்ட்டும் இருக்கும் வண்டி சாய்ந்தால் குதிக்க வேண்டாம், ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அடுத்த உழவுக்கு முன் டிரைவரையும் கூட்டிக்கொண்டு, சட்டமும் ரசமட்டமுமாக நிலத்தை ஒருமுறை நடந்து பாருங்கள். எந்த இடத்துக்கு மேல் வண்டி ஏறக் கூடாது என்று அவர் சொல்கிறாரோ, அங்கே சுண்ணாம்பால் கோடு போட்டுவிடுங்கள்.