பெண்கள் எழுதினார்கள் என்பதாலேயே சுதந்திரமாக இருந்தார்கள் என்று ஆகுமா?

கேள்வி: எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டத்தில் ஜப்பானின் ‘கென்ஜியின் கதை’ பற்றி அரை மணி நேரம் பேச ஒப்புக்கொண்டுவிட்டேன். ஆங்கில மொழிபெயர்ப்பைப் படிக்கத் தொடங்கி, யார் எவர் என்றே பிடிபடாமல் நூறு பக்கங்களில் நின்றுவிட்டேன். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பெண் இவ்வளவு பெரிய நாவலை எழுதியிருக்கிறார் என்றால், அன்றைய ஜப்பானில் பெண்கள் சுதந்திரமாக வாழ்ந்திருக்க வேண்டும் என்கிறாள் கல்லூரியில் படிக்கும் என் மகள். அதையே மையமாக வைத்துப் பேசிவிடலாமா? மேற்கொண்டு படிக்கத்தான் என்ன வழி?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகள் சொல்வதை மையமாக வைத்துப் பேச வேண்டாம் என்பதே என் யோசனை. அவருடைய ஊகம் இயல்பானதுதான். ஆனால் அந்தப் பெண்கள் எழுத முடிந்ததற்குக் காரணம் அவர்களுக்குக் கிடைத்த விடுதலை என்பதைவிட, படித்த பெண்கள் அதிகாரத்தில் இருந்த ஆண்களுக்குத் தேவைப்பட்டார்கள் என்பதே உண்மைக்கு நெருக்கமானது. அந்தத் தேவை எப்படி எழுந்தது என்று விளக்கினாலே உங்கள் அரை மணி நேரத்தில் பாதி கழிந்துவிடும்.

794ஆம் ஆண்டு முதல் தலைநகராக இருந்த ஹெயான் நகரத்தில், அதாவது இன்றைய கியோட்டோவில், அரியணை பேரரசருடையதாக இருந்தாலும் ஆட்சி பெரும்பாலும் ஃபுஜிவாரா குடும்பத்தின் கையில் இருந்தது. அதற்கு அவர்கள் போர் எதுவும் செய்யவில்லை. தங்கள் பெண்களைப் பேரரசர்களுக்கு மணமுடித்துக் கொடுத்தார்கள். பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு வந்தாள். அங்கே பிறந்த பேரன் சிறு வயதிலேயே அரியணை ஏறினால், தாய்வழிப் பாட்டனார் அவன் பெயரால் நாட்டை ஆண்டார். இந்தக் கலையில் கைதேர்ந்தவர் ஃபுஜிவாரா மிச்சினாகா (966-1028). தம் மூத்த மகள் ஷோஷியை 999இல், அன்றைய வயதுக் கணக்கில் 12 வயதுச் சிறுமியை, இச்சிஜோ பேரரசரின் அந்தப்புரத்துக்கு அனுப்பினார். அங்கே ஏற்கெனவே மிச்சினாகாவின் அண்ணன் மகள் தெய்ஷி பட்டத்தரசியாக இருந்தார். அவருடைய தந்தை 995இல் இறந்துபோயிருந்தார். மறு ஆண்டே சகோதரர்களும் தலைநகரை விட்டு வெளியேற்றப்பட்டிருந்தார்கள். ஆனாலும் பேரரசரின் மனம் அவரிடமே இருந்தது. மிச்சினாகா 1000ஆம் ஆண்டில் தம் மகளுக்கும் பட்டத்தரசி நிலையைப் பெற்றுத் தந்து, ஒரே பேரரசருக்கு இரண்டு பட்டத்தரசிகள் என்ற, அதுவரை இல்லாத ஏற்பாட்டை உருவாக்கினார். அந்த ஆண்டு முடியும் முன்பே பிரசவத்தில் தெய்ஷி இறந்துபோனார்.

பட்டம் கிடைத்ததால் மட்டும் கணவரின் மனம் கிடைத்துவிடாது. இச்சிஜோ இலக்கியத்திலும் இசையிலும் ஈடுபாடு உள்ளவர். அவர் விரும்பி வந்து அமர வேண்டுமானால் அரசியின் அறைகளில் நல்ல பேச்சும் கவிதையும் கதையும் இருக்க வேண்டும்; அதற்குக் கற்ற தோழிகள் வேண்டும். தெய்ஷியைச் சுற்றியிருந்தவர்களில் ஒருவர்தான், ‘தலையணைக் குறிப்புகள்’ எழுதிய செய் ஷோனகோன். ஷோஷிக்காக மிச்சினாகா திரட்டிய பெண்களில் கவிஞர் இசுமி ஷிகிபுவும், கணவரை 1001இல் இழந்திருந்தவரும் ‘கென்ஜியின் கதை’யின் ஆசிரியருமான முரசாகி ஷிகிபுவும் இருந்தார்கள். மருமகனைத் தம் மகளின் பக்கம் ஈர்ப்பதற்காக ஒரு மாமனார் செய்த ஏற்பாட்டில்தான் ஜப்பானிய உரைநடையின் உச்சம் வளர்ந்தது என்று சொன்னால் அதில் மிகை அதிகமில்லை.

முரசாகியின் நாட்குறிப்பில் 1008ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு பகுதியை நீங்கள் அவசியம் பார்க்க வேண்டும். ஷோஷி தாய்வீட்டில் இளவரசரைப் பெற்றெடுத்து, அரண்மனைக்குத் திரும்பும் நாள் நெருங்குகிறது. கையில் எடுத்துச் செல்ல ஒரு கதையின் படிகள் தயாராகின்றன; அது கென்ஜியின் கதை என்றே கருதப்படுகிறது. விடிந்ததும் தோழிகள் அரசியின் முன் அமர்ந்து பல வண்ணத் தாள்களைத் தேர்ந்தெடுத்து, மூலப்பிரதியோடும் கடிதத்தோடும் அழகான கையெழுத்து உள்ளவர்களுக்கு அனுப்புகிறார்கள். பிள்ளை பெற்ற உடம்போடு இந்தக் குளிரில் இதெல்லாம் என்ன வேலை என்று மகளைக் கடிந்துகொள்ளும் மிச்சினாகாவே, உயர்ந்த தாளும் தூரிகையும் மையும், போதாததற்கு மை உரைக்கும் கல்லும் கொண்டுவந்து தருகிறார். வீட்டிலிருந்து வரவழைத்துத் தம் அறையில் முரசாகி ஒளித்து வைத்திருந்த பிரதியை, அவர் அரசியிடம் சென்றிருந்த நேரத்தில் தேடி எடுத்துத் தம் இரண்டாவது மகளுக்குக் கொடுத்துவிட்டவரும் அவரேதான். செம்மை செய்யாத படி வெளியே போய்விட்டதே, தம் பெயர் என்ன ஆகும் என்று முரசாகி கவலைப்படுகிறார். புரவலரின் கொடையும் அவருடைய அத்துமீறலும் அருகருகே நிற்கும் அந்தப் பக்கம் பல ஆய்வுகளைவிடத் தெளிவாகப் பேசுகிறது.

எழுத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அரசுக் காரியங்களையும் நாட்குறிப்புகளையும் ஆண்கள் சீன மொழிநடையில் எழுதினார்கள். மிச்சினாகா தம் கைப்படச் சீனத்தில் எழுதிய நாட்குறிப்பு இன்றும் இருக்கிறது. பேச்சு மொழியை அப்படியே எழுத உதவும் ‘கானா’ எழுத்து, கவிதைக்கும் கடிதத்துக்கும் பெண்களுக்கும் உரியதாகக் கருதப்பட்டது. தம் பயணத்தைக் கானாவில் எழுத விரும்பிய கி நோ ட்சுராயுகி என்ற ஆண் கவிஞர், 935ஐ ஒட்டி, பெண் ஒருத்தி எழுதுவதுபோல் பாவனை செய்துகொண்டுதான் அதைத் தொடங்கினார். இருந்தாலும் பெண்களுக்குச் சீனம் தெரியாது என்று மேடையில் சொல்லிவிடாதீர்கள். அண்ணனோ தம்பியோ பாடத்தில் தடுமாறியபோது கேட்டுக்கொண்டிருந்தே கற்றுவிட்ட முரசாகியைப் பார்த்து, இவள் ஆணாகப் பிறக்கவில்லையே என்று அவருடைய தந்தை வருந்தியதை அவரே பதிவு செய்திருக்கிறார். சீனக் கவிஞர் பை ஜுயியின் பாடல்களை அவர் ஷோஷிக்குக் கற்பித்ததும் பிறர் கண்ணில் படாமல்தான்.

இனி உங்கள் மகள் பக்கம் உள்ள நியாயத்தையும் சொல்கிறேன். அந்த மேட்டுக்குடிப் பெண்களுக்குச் சொத்துரிமை இருந்தது; தாய்வீட்டை மகள் பெறுவது வழக்கத்தில் இருந்தது; கணவர் மனைவியின் வீட்டுக்கு வந்துபோனார். இது சிறிய விஷயம் அல்ல. ஆனால் கணவர் வராமலும் இருக்கலாம். மிச்சினாகாவின் தந்தை கானேயியின் மனைவியரில் ஒருவர், 954 முதல் இருபது ஆண்டுகள் காத்திருந்த வாழ்க்கையை ‘ககேரோ நாட்குறிப்பு’ என்ற நூலாக எழுதினார். ஓர் இரவு கணவர் வந்து கதவைத் தட்டியும் அவர் திறக்கவில்லை. கணவர் இன்னொருத்தி வீட்டுக்குப் போய்விட்டார். காலையில் நிறம் மாறிய ஒரு செவ்வந்திப் பூவோடு ஒரு கவிதையை அனுப்பி வைத்தார் அந்த அம்மையார். அவருடைய இயற்பெயர் நமக்குத் தெரியாது. மிச்சிட்சுனாவின் தாய் என்று மகனின் பெயரால்தான் வரலாறு அவரை அறிகிறது. முரசாகியின் பெயரில் உள்ள ‘ஷிகிபு’ என்பதும் அவருடைய தந்தை வகித்த பதவியைக் குறிப்பதே.

நீங்கள் நூறு பக்கங்களில் நின்றதில் வெட்கப்பட எதுவுமில்லை. மூலத்தில் மனிதர்கள் பதவியாலும் வசிப்பிடத்தாலும் சுட்டப்படுகிறார்கள். பதவி உயர்ந்தால் அழைப்பும் மாறிவிடுகிறது. 1976இல் வந்த சைடன்ஸ்டிக்கரின் மொழிபெயர்ப்பு வழக்கமான பெயர்களை நிலையாக வைத்துக்கொள்கிறது. 2001இல் வந்த ராயல் டைலரின் மொழிபெயர்ப்பு மூலத்தின் வழியே போகிறது. உங்களிடம் இருப்பது இரண்டாவதானால் திணறல் அதிகமாகவே இருக்கும். இன்றைய ஜப்பானியர்களும் பெரும்பாலும் இதை நவீன ஜப்பானிய மொழியில்தான் படிக்கிறார்கள். கவிஞர் யோசானோ அகிகோ 1912-13இல் ஒருமுறையும், அது போதவில்லை என்று 1938-39இல் மறுமுறையும் அப்படி மாற்றி எழுதினார்.

ஆகவே கென்ஜியைச் சில நாள் மூடிவைத்துவிட்டு, ‘சராஷினா நாட்குறிப்பு’ என்ற சிறிய நூலை எடுங்கள். கிழக்கே கசுசா என்ற தொலைதூர மாகாணத்தில் வளரும் ஒரு சிறுமி, சிற்றன்னையும் அக்காவும் சொல்லும் கென்ஜி கதைகளை அரைகுறையாகக் கேட்டுவிட்டு, தலைநகர் சென்று முழுவதையும் படிக்க வேண்டும் என்று தன் உயரத்துக்குப் புத்தர் சிலை செய்து வேண்டிக்கொள்கிறாள். 1020இல் தலைநகர் வந்த பிறகு, அத்தை ஒருவர் ஐம்பது சொச்சம் அத்தியாயங்களையும் பெட்டியோடு தூக்கிக் கொடுக்கிறார். திரைக்குப் பின்னால் படுத்துக்கொண்டு இரவும் பகலும் படிப்பவளுக்குப் பட்டத்தரசி பதவியும் இதற்கு ஈடாகத் தெரியவில்லை. கனவில் ஒரு துறவி வந்து, தாமரைச் சூத்திரம் என்ற பௌத்த நூலின் ஐந்தாம் சுருளைக் கற்றுக்கொள் என்கிறார். அவள் அதை யாரிடமும் சொல்லவும் இல்லை, கற்கவும் இல்லை. கென்ஜியின் கதையை அன்றைய வாசகி எப்படிப் படித்தாள் என்பதற்கு இதைவிடச் சிறந்த சாட்சி கிடையாது. அதன்பின் முரசாகியின் நாட்குறிப்பு; அது முடிந்ததும் நேராகக் கென்ஜியின் ஐந்தாம் அத்தியாயம்.

அந்த அத்தியாயத்தில், வடக்கு மலையில் ஒரு வேலிக்குப் பின்னால் நின்று கதைநாயகன் கென்ஜி எட்டிப் பார்க்கிறான். கூடைக்குள் வைத்திருந்த சிட்டுக்குருவியைத் தோழி பறக்கவிட்டுவிட்டாள் என்று பத்து வயதுச் சிறுமி அழுதுகொண்டு ஓடிவருகிறாள். அவளைத்தான் பின்னர் யாருக்கும் தெரியாமல் தன் வீட்டுக்குக் கொண்டுவந்து வளர்க்கிறான். ஒன்பதாம் அத்தியாயத்தில் அவளை மனைவியாக்கிக்கொண்ட மறுநாள் காலை, அவள் எழுந்திருக்கவே இல்லை. போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு, இப்படிப்பட்டவரையா இத்தனை நாள் நம்பினேன் என்று நினைத்துக் குமைகிறாள். கென்ஜியோ கேலியாகச் சமாதானம் சொல்லப் பார்க்கிறான். முரசாகி அவனைக் கண்டிக்கவில்லை. ஆனால் அந்தப் பெண்ணின் வியர்வையில் நனைந்த முகத்தை நம் கண்ணிலிருந்து மறைக்கவும் இல்லை. கூட்டத்தில் இந்த இரண்டு காட்சிகளையும் உரக்கப் படியுங்கள். சுதந்திரம் இருந்ததா என்ற விவாதத்தை மற்றவர்களே தொடங்கிவிடுவார்கள்.

பிற்காலத்தைப் பற்றி யாராவது கேட்டால் சுருக்கமாகச் சொல்லுங்கள். 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதிகாரம் சாமுராய்களுக்குப் போயிற்று. 1232ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களின் சொத்துரிமையை ஏற்றுக்கொண்டாலும், சொத்தைப் பிரிக்காமல் ஒரே ஆண் வாரிசுக்குத் தரும் வழக்கம் நாளடைவில் அதை அரித்துவிட்டது. அரண்மனைப் பெண்மணி நிஜோ 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய துணிச்சலான தன்வரலாறு, 20ஆம் நூற்றாண்டில்தான் அரச நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டது. மெய்ஜி காலத்தில், தோக்கியோவில் யோஷிவாரா என்ற பரத்தையர் பகுதிக்கு அருகே பெட்டிக்கடை வைத்துப் பிழைத்த ஹிகுச்சி இச்சியோ, காசநோயால் 1896இல் 24 வயதில் இறப்பதற்குள் எழுதிய சில கதைகளை நீங்கள் தனியே ஒரு கூட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம். அவருக்கு அந்தத் தகுதி உண்டு.

54 அத்தியாயங்களையும் முடித்துவிட்டுத்தான் பேச வேண்டும் என்ற கட்டாயம் உங்களுக்கு இல்லை. கடைசிப் பத்து அத்தியாயங்களைப் பேச்சு முடிந்த பிறகு நிதானமாகப் படியுங்கள். கென்ஜி இறந்த பின்னர் உஜி ஆற்றங்கரையில் நிகழும் அந்தப் பகுதியே நாவலில் சிறந்தது என்பது என் கட்சி. இரண்டு ஆண்களுக்கு இடையில் சிக்கிய உகிஃபுனே, ஆற்றில் உயிர்விடத் துணிந்து, காப்பாற்றப்பட்டு, துறவு பூணுகிறாள். அந்த ஆண்களில் ஒருவனான காவோரு கொடுத்தனுப்பிய கடிதத்தோடு வரும் சொந்தத் தம்பியைக்கூடச் சந்திக்க மறுக்கிறாள். அவளை வேறொருவன் ஒளித்து வைத்திருப்பானோ என்று காவோருவுக்கு எழும் சந்தேகத்தோடு நூல் நின்றுவிடுகிறது. ஆசிரியர் எழுதி முடிக்கவில்லை என்பாரும் உண்டு. எழுத வேண்டியதை எழுதி முடித்துவிட்டார் என்றே நான் நினைக்கிறேன்.